புதுப்பிப்பு: கிளாஷ் ராயலில் ஹாக் ரைடரிடம் தோற்றுக்கொண்டிருந்த என் கோலம் டெக்

கிளாஷ் ராயல் மொபைல் கேம் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன்: கோலம், பெக்கா என்ற இரண்டு கனமான கார்டுகளும் உள்ள டெக் (ஆட்டத்துக்கு எடுக்கும் 8 கார்டுகள்), சராசரி எலிக்சிர் (ஒரு கார்டை இறக்கச் செலவாகும் ஆற்றல்) 4.6, கட்டடங்களை மட்டுமே குறிவைத்து ஓடிவரும் ஹாக் ரைடர் வந்தாலே கோபுரம் போகிறது, என்ன செய்யலாம்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கார்டு லெவலை ஏற்று என்ற யோசனையில் பெரிய மாற்றமில்லை. வேலை செய்தது, பெக்காவை எடுத்துவிட்டு கேனன் (பீரங்கிக் கட்டடம்) போடச் சொன்னதுதான். கூடவே கூட்டத்தை ஒன்றாக அடிக்கும் விசார்டுக்குப் பதில், எலிக்சிர் குறைவான ஸ்கெலட்டன்ஸ் வைத்தேன். சராசரி 3.6 ஆனது.

10 எலிக்சிரில் கோலத்தைப் பின்னால் இறக்கினால் கையில் 2தான் மிஞ்சும். எதிராளி அந்த நேரம் பார்த்துத்தான் ஹாக்கை விடுவார். முன்பு பெக்காவுக்காக ஐந்து எலிக்சிர் சேரும்வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கேனனுக்கு 3 எலிக்சிர் போதும், இப்போது இன்னும் ஒன்று சேர்ந்தால், அதாவது 2.8 நொடியில், கேனன் வந்துவிடுகிறது. அதை இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே வைத்தால் ஹாக் அங்கே திரும்பும், இரண்டு கோபுரமும் சேர்ந்து அடிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: கேனன் வானத்தில் பறப்பதைச் சுடாது, அதனால் பலூனுக்கு எதிராக வீண் என்று நினைத்தேன். ஆனால் பலூன் கட்டடத்தைத் தேடிப் போவதால் அதுவும் கேனன் பக்கம் இழுபடுகிறது! அதற்குள், பறப்பதையும் சுடக்கூடிய என் மஸ்கடியர் அதைச் சுட்டுவிடுகிறாள்.

கடைசி 10 ஆட்டத்தில் 6 வெற்றி. முன்பு இரண்டு, மூன்றுதான். கூட்டமாக வரும் கோப்ளின்கள்தான் இன்னும் தலைவலி, விசார்ட் இல்லாத குறை அங்கே தெரிகிறது.