மூன்று வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட்: முதலில் 94, கடைசியில் 9 எம்பிபிஎஸ், வேகம் எங்கே போகிறது?

கேள்வி

வணக்கம். இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், உதவி வேண்டும். வெளியே மூன்று ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) இருக்கின்றன. முதலாவது (ஏ) மொட்டை மாடியில், 13 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு) பேனல், அதாவது ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா, ரவுட்டரிலிருந்து கேபிள் நேராக அதற்குப் போகிறது. அங்கிருந்து 150 மீட்டரில் ஒரு கம்பத்தில் இரண்டாவது (பி), அது 8 டிபிஐ ஆம்னி, சுற்றிலும் பரப்பும் ஆன்டெனா. அதற்கப்பால் 120 மீட்டரில் மூன்றாவது (சி), மறுபடி பேனல். பி, சி இரண்டுக்கும் மின்சாரம் மட்டும்தான், கேபிள் கிடையாது, 5 ஜிகாஹெர்ட்ஸ் மெஷ் வழியாக, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பியில்லாமல், இணைத்திருக்கிறேன். எல்லாமே அனுப்பும் பவர் ஆன்டெனாவோடு சேர்த்து 23 டிபிஎம், சேனல் 100, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ்.

இன்டர்நெட் 200 எம்பிபிஎஸ். ஏ-வில் 94 வருகிறது, அது பரவாயில்லை. பி-யில் 40, சி-யில் 9. மழை பெய்தால் இன்னும் மோசம், மழை நின்று இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வருகிறது. தினமும் இரண்டு மூன்று தடவை எல்லாமே ஒரு நிமிடம் அறுந்து தானாகவே திரும்பவும் செய்கிறது. சிக்னல் பி-யில் -70 டிபிஎம், சி-யில் -76 (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது). பவரை இதற்கு மேல் கூட்ட வழியில்லை, ஃபர்ம்வேரும் புதியதுதான்.

பதில் 1

பி-யில் இருப்பது ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் அது ஏ-விடம் கேட்டு வாங்கி, அதே சேனலில் சி-க்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றைக் கேட்கும்போது இன்னொன்றைப் பேச முடியாது, அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பி-யில் 40 என்றால் சி-யில் 20 வரலாம், 9 என்பது அதற்கும் கீழே, ஆக அங்கே தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது.

இணையத்து ஸ்பீடு டெஸ்ட்டை விடுங்கள். ரவுட்டர் பக்கம் ஒரு கணினியில் ஐபெர்ஃப்3 (உள் நெட்வொர்க்கின் வேகத்தை அளக்கும் நிரல்) ஓடவிட்டு, லேப்டாப்பைக் கேபிள் போட்டு ஏ, பி, சி என்று ஒவ்வொன்றிலும் செருகி அளந்து பாருங்கள். வைஃபை வழியாக அளந்தால் போன் மெதுவா, இணைப்பு மெதுவா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

பதில் 2

நான் முதலில் பார்ப்பது உங்கள் -70, -76 இரண்டையும்தான். 5.5 ஜிகாஹெர்ட்ஸில் 150 மீட்டர் வெட்டவெளிக்கு இழப்பு சுமார் 91 டெசிபல். 23-இலிருந்து 91 கழித்து, பி-யின் ஆம்னிக்கு 8 கூட்டினால் -60 வர வேண்டும், உங்களுக்கு 10 குறைகிறது. சி-க்கு இதே கணக்கைப் போட்டால் (120 மீட்டருக்கு இழப்பு 89, பேனலுக்கு 13) -53, அங்கே 23 டெசிபல் காணாமல் போயிருக்கிறது! இவ்வளவையும் பவர் கூட்டி ஈடுகட்ட முடியாது, நடுவில் எதுவோ தின்கிறது.

பி-க்கும் சி-க்கும் நடுவே மரம் இருக்கிறதா? கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது, அலைக்கு நேர்க்கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். 150 மீட்டருக்கு நடுவழியில் அந்த ஃப்ரெனல் மண்டலத்தின் ஆரம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர், அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸை இந்தத் தூரத்தில் மழைத்துளி ஒன்றும் செய்துவிடாது. மழை நின்ற பிறகும் மந்தமாக இருக்கிறது என்றால் நனைந்த இலை, இல்லாவிட்டால் கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர். இரண்டு செயின்களின் (ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் தனித்தனிப் பாதைகள்) சிக்னலையும் தனித்தனியாக இங்கே போடுங்கள். அவற்றுக்குள் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனெக்டரைக் கழற்றிப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

பதில் 3

ஏ-வில் 94 பரவாயில்லை என்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் ஹெட்டர்கள் (ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரித் தகவல்) போக உண்மையான டேட்டாவுக்கு மிஞ்சுவது அதே 94 சொச்சம்தான். மாடிக் கேபிளில் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஏறவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும், ஆகவே மற்ற இரண்டில் ஒரு ஜோடி போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். போர்ட்டின் நிலையைப் பாருங்கள், பிஓஇ இன்ஜெக்டரே (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் பெட்டி) 100-க்கானதா என்பதையும் சேர்த்து.

ஒரு நிமிடம் அறுவது டிஎஃப்எஸ் மாதிரி தெரிகிறது. சேனல் 100 ரேடாரோடு பகிரும் பகுதி, ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ஆக்சஸ் பாயின்ட் சேனலை விட்டு விலகி, அடுத்ததும் அதே வகைச் சேனலாக இருந்தால் அங்கே 60 நொடி கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். லாகில் (ஆக்சஸ் பாயின்ட்டின் நிகழ்வுப் பதிவு) ரேடார் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் நாட்டில் வெளியே அனுமதி இருந்தால் சேனல் 149-க்கோ அதற்கு மேலோ போய்விடலாம். அப்படியே அகலத்தை 40 ஆக்குங்கள். பாதி அகலத்தில் இரைச்சல் 3 டெசிபல் குறையும், பக்கத்து நெட்வொர்க்குகளோடு மோதலும் குறையும்.

கேட்டவர்

நான்கு நாள் கழித்து வருகிறேன், மூவருக்கும் நன்றி. மாடிக் கேபிளின் முனையில் ஒரு ஜோடி பச்சை பூத்திருந்தது, வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தேன், ஏ இப்போது கிகாபிட். ஆனால் பி அசையவே இல்லை, அதே 40. செயின்களைப் பார்த்தால் -70, -84. ஆம்னியைக் கழற்றினேன், ஒரு கனெக்டருக்குள் தண்ணீர். அதன் கேபிளை மாற்றி, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். ஏ-வின் பேனலும் போல்ட் தளர்ந்து திரும்பியிருந்தது, நேராக்கியதும் செயின்கள் -63, -64, மொத்தம் -60. பதில் 2-இல் போட்ட கணக்கு அப்படியே வந்துவிட்டது!

சேனல் 149, அகலம் 40-க்கு மாற்றிவிட்டேன், லாகில் ரேடார் வரிகள் இருந்தன, மாற்றிய பிறகு ஒரு தடவைகூட அறுபடவில்லை. பி-யில் ஐபெர்ஃப் 190. சி 35-இல் நிற்கிறது, நடுவில் உண்மையிலேயே ஒரு மரம், கிளை சரியாக அந்த உயரத்தில்.

பதில் 2

கிளையை வெட்ட வேண்டாம், அடுத்த பருவத்தில் மறுபடி வளரும். சி-யின் கம்பத்தை 2 மீட்டர் உயர்த்திப் பாருங்கள். முடிந்தால் பி-யில் சி-க்கென்றே வேறு சேனலில் தனி ரேடியோ வையுங்கள், அப்போது அந்தப் பாதிக் கணக்கே இருக்காது.

கேட்டவர்

கம்பம் உயர்த்தியாகிவிட்டது. சி-யில் -58, ஐபெர்ஃப் 85. நேற்று ராத்திரி நல்ல மழை, காலையில் அளந்தேன், 83. இரண்டாவது ரேடியோ அடுத்த மாதம்.