மிரர் ஒட்ட சூப்பர் குளூவா? யார் சொன்னது?

மோல்மேன் மாமா:
நேற்று ஒருத்தர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "காருக்குள் இருக்கும் மிரர் கழன்றால் சூப்பர் குளூ இரண்டு சொட்டு, இரண்டு நிமிடம், ஆயுசுக்கும் விழாது." படித்ததிலிருந்து எனக்கு டீ இறங்கவில்லை. சூப்பர் குளூ காய்ந்தால் அப்பளம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். முன் கண்ணாடி ஓர் அளவுக்கு விரியும், மிரரை மாட்ட அதில் ஒட்டிய இரும்பு பட்டன் வேறு அளவுக்கு விரியும். போதாததற்கு நம்ம ரோட்டுப் பள்ளம். அப்பளம் எத்தனை நாள் தாங்கும்?

ரங்கூன் ராசா:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், மாமா. என் டொயோட்டா புரோபாக்ஸ் காரில் ஒட்டி 14 மாதம் ஆச்சு, அசையவில்லை. பாக்கெட்டிலேயே 80 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கிறான். 60 பெரிதா, 80 பெரிதா?

மோல்மேன் மாமா:
பாக்கெட்டைப் படிப்பவர் பேட்டரியை மட்டும் ஏன் படிக்கவில்லை? போன வருடம் அதில் குழாய்த்தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்?

மிரருக்கென்றே தனிப் பசை இருக்கிறது, கூடவே அதை இறுகவைக்கும் ஆக்டிவேட்டர் திரவம் வரும். பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஆக்டிவேட்டரைத் தடவிக் காயவிட்டு, அப்புறம் ஒரே ஒரு சொட்டு. ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காற்றுப் புகாமல் இரும்போடு நெருங்கினால்தான் அந்தப் பசை இறுகும். எங்கே ஒட்டுவது என்று கண்ணாடியின் வெளிப்பக்கம் முதலிலேயே குறித்துக்கொள்ளாவிட்டால் மிரர் கோணலாகத்தான் உட்காரும். பிறகு மிரரை மாட்ட 24 மணி நேரம் பொறுக்கணும். இரண்டு நிமிடமாம்!

தட்டோன் தம்பி:
ஒரு சந்தேகம் அண்ணன்களே. கழன்றது எது? பட்டனோடு கையில் வந்துவிட்டதா, இல்லை பட்டன் கண்ணாடியிலேயே இருக்கிறதா? இருந்தால் பசையே வேண்டாமே. மிரர் தண்டின் அடியில் உள்ள சின்ன ஸ்குரூவை முடுக்கினால் போதும்.

ரங்கூன் ராசா:
14 மாதம், மாமா. நடுவில் ஒரு சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவே போயாச்சு.

மோல்மேன் மாமா:
நிழலில் நிறுத்தியிருப்பீர்கள்.

பஜார் பாய்:
பசை மேல் ஏன் பழி? சிக்னலுக்குச் சிக்னல் மல்லிகைச் சரம் வாங்கி மிரரில் தொங்கவிடுகிறீர்கள். பிரேக் போடும்போதெல்லாம் அது ஊஞ்சல் ஆடுகிறது. எந்தப் பசை நிற்கும்?

மோல்மேன் மாமா:
பாய் சென்னைக்குப் போய் எத்தனை வருடம் ஆச்சு? அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் மல்லிகையை நிறுத்துப் பார்க்க வேண்டாம். பூ போடாத வண்டியில் நான் ஏறுவதில்லை.

பஜார் பாய்:
நானும் ரங்கூன் கம்பையில் பிறந்தவன்தான். ரங்கூன் எனக்குத் தெரியாதா?

மோல்மேன் மாமா:
தெரிந்தால் மிரரின் அருமையும் தெரிந்திருக்கும். 1970 டிசம்பரில் பர்மாவில் எல்லோரையும் வலதுபக்கம் ஓட்டச் சொன்னார்கள். வண்டியோ ஜப்பான் வண்டி, ஸ்டியரிங்கும் வலதுபக்கமே. லாரியை இடதுபக்கமாக முந்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து "வா வா" என்று சொல்லணும். இதில் மிரரும் இல்லையென்றால்?

ரங்கூன் ராசா:
முந்த முன்னால் பார்க்கணும், மாமா. மிரர் பின்னால் காட்டுவது.

மோல்மேன் மாமா:
பின்னால் வருகிறவனைப் பார்க்காமல் முந்துவீர்களோ? சூப்பர் குளூ ஆட்கள் அப்படித்தான்.

தட்டோன் தம்பி:
பட்டன் இருக்கிறதா என்று யாராவது சொல்லுங்களேன்...

47ஆம் தெரு:
நான் எபாக்சி, அதாவது இரண்டைக் கலந்து ஒட்டும் பசை, போட்டேன். மிரர் விழவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினபோது முன் கண்ணாடியிலேயே ஒரு சில்லு பெயர்ந்து பட்டனோடு வந்துவிட்டது.

மோல்மேன் மாமா:
பார்த்தீர்களா! அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ரங்கூன் ராசா:
அவர் சொன்னது எபாக்சி. நான் சொன்னது சூப்பர் குளூ.

மோல்மேன் மாமா:
எல்லாம் ஒரே சாதி. 24 மணி நேரம் பொறுக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்த சரக்கு.

ரங்கூன் ராசா:
நாளைக்கு மிரரோடு போட்டோ போடுகிறேன்.

மோல்மேன் மாமா:
போடுங்கள். மத்தியானம் 2 மணிக்கு, வெயிலில் நிறுத்தி, பூவும் தொங்கவிட்டு எடுங்கள். தேதி தெரியணும்.