முதல் அங்குலத்தில் நின்றுபோன ஜாக்கி: டிப்பர் டிரெய்லர் செய்தவர்களின் அனுபவங்கள்

பள்ளத்தூர் பக்கத்திலிருந்து:

உள்ளூர்ப் பட்டறையில் டிராக்டரில் மாட்டி, பெட்டியைத் தூக்கிச் சாய்த்து மண் கொட்டும் டிப்பர் டிரெய்லரை நாமே செய்துகொள்ளலாமா என்ற பேச்சு வந்திருப்பதால், மூன்று கோடைக்கு முன்னர் நான் செய்ததைப் பற்றி எழுதுகிறேன். என் வேலை முதல் தடவையே சரியாக வந்துவிடவில்லை. சுமை ஏற்றி நெம்புகோலைத் தள்ளியபோது பெட்டி ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. அந்த ஓர் அங்குலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவை எந்தப் பட்டறைக்காரரும் சொல்லித் தரக்கூடியவை.

எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயலும் மேட்டில் செம்மண் தோட்டமும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் ஓர் அடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டும், தண்ணீர் நிற்காது. ஆகவே கண்மாய் வற்றும் சித்திரை, வைகாசியில் அனுமதி வாங்கி வண்டல் மண் அடித்துத் தோட்டத்தில் பரப்புவது எங்கள் ஐயா காலத்திலிருந்தே வழக்கம். முன்பு மாட்டுவண்டி, பின்பு டிராக்டர். இயந்திரம் வந்தபின் மண்ணை ஏற்ற ஐந்து நிமிடம் போதும் என்றாகிவிட்டது. ஆனால் சாதாரண டிரெய்லரிலிருந்து இறக்குவதற்கு நான்கு ஆட்கள் மண்வெட்டியோடு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். நான்கு ஆள் கிடைக்கிற நாளில் டிராக்டர் கிடைக்காது. டிராக்டர் கிடைக்கிற நாளில் ஆள் கிடைக்காது.

பெட்டியின் நீளம் 10 அடி, அகலம் 5½ அடி, பக்கப் பலகையின் உயரம் 1½ அடி. தளத்துக்கும் பக்கங்களுக்கும் 3 மி.மீ. தகடு, அடியில் 100 மி.மீ. சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்). பெட்டி மட்டும் ஏறக்குறைய 400 கிலோ வந்தது. காயலான் கடையில் ஒரு பழைய லாரி அச்சு வில்பட்டைகளோடு கிடைத்தது. பெட்டி சாய்வதற்குப் பின்முனையில் இருக்கும் கீலுக்கு இரண்டடி முன்னால் அதைப் பொருத்தினோம். அச்சைப் பின்னுக்கு வைத்தால் சுமையின் கால்வாசி டிராக்டரின் கொக்கிக்கு வந்துவிடும் என்று பட்டறை அண்ணன் தயங்கினார். அது உண்மைதான், டிராக்டரின் முன்பக்கம் எடை கட்டித்தான் ஓட்டுகிறோம். ஆனால் பெட்டி மேலே எழும்பும்போது பாரம் அச்சுக்குப் பின்னால் போய்க் கொக்கியைத் தூக்கிவிடும் ஆபத்து அதனால் குறைகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜாக்கி 80 மி.மீ. உள்விட்டமும் மூன்றடி நீட்சியும் கொண்ட ஒற்றைச் செயல் உருளை. எண்ணெய் அதைத் தள்ளும். இறங்குவது பெட்டியின் பாரத்தால். சுருங்கிய நிலையில் அதன் நீளம் நான்கடி. டிராக்டரின் ஹைட்ராலிக் வாயில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் வருகிறது. 80 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். 150-ஆல் பெருக்கினால் ஏழரை டன். எங்கள் பெட்டி நிறையக் காய்ந்த மண் போட்டால் மூன்று டன். மூன்று டன்னைத் தூக்க ஏழரை டன் ஜாக்கி இருக்கிறதே என்று நானும் நினைத்தேன், பட்டறை அண்ணனும் நினைத்தார். வெறும் பெட்டி ஜம்மென்று எழும்பியது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை நேராகக் கண்மாய்க்கு ஓட்டிப் போனோம்.

சுமையோடு நெம்புகோலைத் தள்ளியபோது டிராக்டரின் பம்பு வீறிட்டது. அழுத்தம் மிஞ்சியதால் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெய் திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டி அசையவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், கீலைத் தாங்கும் 10 மி.மீ. தகட்டுக் காது முன்பக்கமாக இலேசாக வளைந்திருந்தது. மேலே போக வேண்டிய பெட்டி முன்னால் போகப் பார்த்திருக்கிறது என்பதை அந்த வளைவுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

காரணம் இதுதான். ஜாக்கியின் அடிமுனை அச்சை ஒட்டிய குறுக்குச் சட்டத்திலும் தலைமுனை கீலிலிருந்து ஆறடி தள்ளிப் பெட்டியின் அடியிலும் இருந்தன. பெட்டி படுத்திருக்கும்போது ஜாக்கியும் ஏறக்குறைய படுத்தே கிடந்தது. சாய்வு வெறும் 20 டிகிரி. அந்தச் சாய்வில் ஏழரை டன்னில் மூன்றில் ஒரு பங்குதான் பெட்டியை மேலே தள்ளும். விசையின் பெரும்பகுதி பெட்டியை முன்னால் தள்ளிக் கீலை இழுக்கும். பெட்டியும் மண்ணுமாக 3.4 டன், அதன் மையம் கீலிலிருந்து ஐந்தடி. 3.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 17. ஆறடியை 20 டிகிரிக்குரிய சைன் மதிப்பான 0.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2. பதினேழை இரண்டால் வகுத்தால் எட்டு டன்னுக்கு மேல் வேண்டும். கையில் இருப்பதோ ஏழரை. பெட்டி கொஞ்சம் எழும்பிவிட்டால் சாய்வு கூடிக்கொண்டே போய்ச் சுமை இலேசாகிவிடும். கடினமெல்லாம் அந்த முதல் அங்குலத்தில்தான்.

யோசனைகள் நாலாபுறமிருந்தும் வந்தன. பாதுகாப்பு வால்வின் சுருளுக்கு அடியில் வளையம் போட்டு அழுத்தத்தை ஏற்றச் சொன்னார் ஒருவர். டிராக்டரின் பம்பையும் ஹோஸையும் பலி கொடுத்து மண் இறக்க எனக்கு மனமில்லை. 100 மி.மீ. ஜாக்கி வாங்கச் சொன்னார் இன்னொருவர். அது பதினொன்றே முக்கால் டன் தள்ளும், கட்டாயம் தூக்கியிருக்கும். ஆனால் 80 மி.மீ. ஜாக்கி முழுமையாக நீள நாலரை லிட்டர் எண்ணெய் போதும், 100 மி.மீ. ஜாக்கிக்கு ஏழு லிட்டர் வேண்டும். என்னுடையது பழைய டிராக்டர். கியர் பெட்டியின் எண்ணெயைத்தான் ஹைட்ராலிக்கும் எடுத்துக்கொள்கிறது. ஏழு லிட்டரை ஒரே மூச்சில் உறிஞ்சினால் கியர்கள் காயும். மேலும் கீலின் மேல் விழும் இழுவிசை அப்படியேதான் இருக்கும்.

கடைசியில் ஜாக்கியை மாற்றாமல், அடிமுனை உட்காரும் குறுக்குச் சட்டத்தை ஏழரை அங்குலம் கீழே இறக்கினோம். நான்கடி ஜாக்கிக்கு அந்த ஏழரை அங்குலமே சாய்வை 20 டிகிரியிலிருந்து 30 ஆக்கிவிட்டது. 30 டிகிரியில் விசையில் பாதி மேலே போகும். அதே காய்ந்த மண்ணுக்கு இப்போது ஆறு டன்னுக்கும் குறைவாகவே போதும். செலவு இரண்டு துண்டு சேனலும் ஒரு நாள் வெல்டிங் கூலியும். கீல் காதுகளை 16 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்து, 40 மி.மீ. கீல் ஆணியும் கிரீஸ் துளையும் வைத்தோம். அன்று மாலையே அதே கண்மாயில் பெட்டி கால் நிமிடத்தில் எழுந்து நின்றது.

இதற்கும் ஒரு விலை உண்டு. சட்டம் இறங்கியதால் தரைக்கும் அதற்கும் பத்து அங்குலம்தான் இடைவெளி. கண்மாய்க் கரையைக் குறுக்காக ஏறினால் உரசும், ஆகவே கலுங்குப் பக்கமாகச் சுற்றி வருகிறேன். இன்னொன்று, ஈர வண்டலின் எடை காய்ந்த மண்ணின் எடை அன்று. கோடை மழைக்கு அடுத்த நாள் அதே பெட்டியில் நான்கு டன் ஏறிவிடுகிறது. பெட்டியோடு 4.4 டன் என்று கணக்குப் போட்டால் 30 டிகிரியிலும் ஏழேகால் டன்னுக்கு மேல் கேட்கிறது. ஏழரைக்கு நூலிழைதான் மிச்சம். ஈர மண் என்றால் பலகைக்கு நான்கு விரல் கீழேயே நிறுத்திவிடுகிறோம்.

தேவகோட்டையிலிருந்து:

மேலே சொன்ன கணக்கை என் ஜாக்கியிலும் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தூக்குவதில் சிக்கல் வரவில்லை, இறக்குவதில்தான் வந்தது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு மழையில் சரிந்துவிட்டது. அதன் செங்கலையும் சுண்ணாம்புச் சாந்தையும் உடைந்த ஓடுகளையும் அப்புறப்படுத்தவே டிப்பர் செய்தேன். இடிபாடு வழுக்கிக்கொண்டு கொட்டிவிடும். வெறும் பெட்டி கீழே வரும்போது தடாலென்று விழும். எண்ணெய் திரும்பும் பாதையில் வேகத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பொருத்திய பிறகே சட்டத்தில் விரிசல் விடுவது நின்றது. ஹோஸ் வெடித்தால் பெட்டி விழாமல் தடுக்கும் வால்வு தனியாகக் கிடைக்கிறது. அதை ஜாக்கியின் வாயிலேயே வைக்க வேண்டும், டிராக்டர் பக்கத்தில் வைத்துப் பயனில்லை.

ஒரு நாள் கீலுக்குக் கிரீஸ் வைப்பதற்காகப் பெட்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். இடிந்த வீட்டிலிருந்து எடுத்த பர்மாத் தேக்கு உத்திரத் துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்ததால், ஏதோ தோன்றி அதை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். டிராக்டரில் ஏறிய பையன் நெம்புகோலைத் தெரியாமல் தட்டிவிட்டான். பெட்டி ஒரு சாண் இறங்கி உத்திரத்தின் மேல் உட்கார்ந்தது. நான் தலையைக் குனிந்தபடியே வெளியே வந்தேன். வீட்டில் ஆச்சி அன்று என்னோடு பேசவில்லை. மறுநாளே சேனலில் இரும்பு முட்டு ஒன்று செய்து சட்டத்திலேயே கீல் போட்டு மாட்டிவிட்டேன்; மரத் துண்டைத் தேடிப் போக வேண்டிய நிலை இருந்தால் யாரும் தேடமாட்டார்கள்.

ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இருக்கிறது. ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. ஆனாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது, தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

பொன்னமராவதி பக்கத்திலிருந்து:

என் டிரெய்லர் ஒரு முறை பக்கவாட்டில் கவிழ்ந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நான் அடித்ததும் ஈர வண்டல்தான். வரப்பை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்தோம். இடது சக்கரம் நான்கு அங்குலம் தாழ்வாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பெட்டி எழும்பியபோது வலப்பக்க மண் சரிந்து விழுந்தது. இடப்பக்க மண் மூலையோடு அப்பிக்கொண்டது. கொட்டாத மண் பத்தடி உயரத்தில் ஒரு பக்கமாக நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கொக்கியும் முறுக்கிக்கொண்டது; டிராக்டர் சாயாமல் தப்பியது ஓட்டுநரின் நல்ல நேரம்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். பெட்டியின் பின்பக்க அகலத்தை முன்பக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூட்டினேன். மண் பின்னுக்கு நகர நகரப் பக்கப் பலகையை விட்டு விலகிவிடுவதால் அப்புவதில்லை. பின்கதவின் கீலைக் கீழிருந்து மேலுக்கு மாற்றினேன். கீழே மடங்கும் கதவு குவிந்த மண்ணில் புதைந்துபோய், வண்டியை முன்னால் எடுக்கும்போது பிய்ந்துகொண்டு வரும். மண் கொட்டவில்லை என்றால் வண்டியை முன்னும் பின்னும் குலுக்குகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். பெட்டியை இறக்கிவிட்டு, மண்வெட்டியால் கிளறிவிட்டு, மறுபடி தூக்குங்கள். நிறுத்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்து மோட்டாருக்குப் போகும் கம்பி பல இடங்களில் தொய்ந்துதான் தொங்குகிறது.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து:

பட்டறையில் செய்த இவற்றைச் சாலையில் ஓட்டுகிறீர்களா? ஜாக்கித் தண்டில் துருப் பிடிக்காமல் என்ன பூசுகிறீர்கள்?

பள்ளத்தூர் பக்கத்திலிருந்து:

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். என்னுடையது கண்மாய்க்கும் தோட்டத்துக்கும் இடையில் வண்டிப்பாதையோடு சரி, தார்ச்சாலையில் ஏற்றுவதில்லை. சாலையில் ஓட்ட வேண்டியவர்கள் பதிவோடு வரும் டிரெய்லரை வாங்குவதே நல்லது. அதிலும் ஜாக்கியின் சாய்வை ஒரு தடவை அளந்து பாருங்கள்.

தண்டில் எதையும் பூசக்கூடாது. பெட்டிக்குச் செங்காவிப் பூச்சு அடித்த பையன் ஆர்வத்தில் என் ஜாக்கித் தண்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டான். அதோடு ஜாக்கி சுருங்கியிருந்தால் அதன் வாயில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தைக் கிழித்திருக்கும். சுரண்டினால் குரோம் பூச்சில் கீறல் விழும் என்பதால் தின்னரும் துணியுமாக அரை நாள் துடைத்தோம். வேலை முடிந்ததும் ஜாக்கி முழுதும் சுருங்கும்படி பெட்டியை இறக்கி வைத்தால் தண்டு தன் எண்ணெயிலேயே இருக்கும். பெட்டியில் வெல்டிங் செய்யும்போது எர்த் கம்பியை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வையுங்கள். தொலைவில் மாட்டினால் மின்சாரம் ஜாக்கி வழியாகப் பாய்ந்து தண்டில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்துவிடும்.

பின்பக்கத்தை இரண்டு அங்குலம் அகலப்படுத்தும் யோசனை எனக்கும் தேவைப்படுகிறது. என் அச்சு கீலுக்கு இரண்டடியிலேயே இருப்பதால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூடினாலும் டயரில் உரசுமோ என்று ஐயம். நாளைக் காலையில் சுமை ஏற்றி, வில்பட்டை அமுங்கிய நிலையில் அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.