மறு: ஜியோகிராபிக் அட்ரோபி – "அழிதிட்டு" என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஜியோகிராபிக் அட்ரோபி என்கிற கண் நோய் நிலைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழை தொடங்கியதிலிருந்து வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். கண் நோயாளிகளுக்கான விளக்கத்தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. இங்கே முடிவாகும் சொல்லை அடுத்த தாளிலேயே அச்சிடப்போகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நோயைப் பற்றி முதலில். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வயதால் சிதைவதில் இரண்டு வகை உண்டு. ஈர வகையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். உலர் வகையில் கசிவு கிடையாது. விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்கிற மஞ்சள் படிவுகள் சேரும். பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அங்குள்ள நிறமிப் படலமும் அதையொட்டிய ஒளியுணர் செல்களும் இடம் இடமாகச் செத்துப்போகும். அந்த முற்றிய நிலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். (cell என்பதைச் செல் என்பதா, கலம் என்பதா என்ற வழக்கை யாழ்ப்பாணத்து நண்பர் இந்த ஒரு முறை ஒத்திவைக்க வேண்டும்.) செத்த இடங்கள் வெட்டினாற்போன்ற விளிம்போடு நிலப்படத்து நாடுகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர்.

> இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது ஏன்? மருத்துவர்களே ஆங்கிலத்தில்தானே சொல்கிறார்கள்?

அவசரம் இருக்கிறது அண்ணா. 2023 வரை இந்த நிலைக்கு ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. "வயசானா அப்படித்தான்" என்று கேட்டுக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். நோயின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெக்செட்டாகோபிளான் என்ற கண் ஊசிக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் அவசின்கேப்டட் பெகால் என்ற ஊசிக்கும் ஒப்புதல் தந்தது. உடலின் நோய் எதிர்ப்பு ஏற்பாட்டில் காம்ப்ளிமெண்ட் என்று ஒரு புரதத் தொடர் உண்டு. முதல் ஊசி அதன் சி3 புரதத்தையும் மற்றது சி5 புரதத்தையும் தடுக்கின்றன.

இதில்தான் சொல்லின் பொறுப்பு வருகிறது. இந்த ஊசிகள் போன பார்வையைத் திருப்பித் தருவதில்லை. முதல் மருந்தை மாதம் ஒரு முறை போட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் செத்த பகுதி பரவும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, அவ்வளவுதான். நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் அதனால் பயன் தெரியவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் அதே மருந்துக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. ஊசி போட்ட கண்ணில் ஈர வகை தலைதூக்கும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று எழுபது வயதுப் பெரியவரும் அவர் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கையிலிருக்கும் சொல் தவறான படத்தைக் காட்டினால் முடிவும் தவறிப்போகும்.

அந்தக் கண்ணோடு பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> புவியியல் சிதைவு என்பது நேரடியாகவும் எளிதாகவும் இருக்கிறதே?

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இயந்திர மொழிபெயர்ப்பும் இதைத்தான் கொடுக்கிறது. படிப்பவர் நிலநடுக்கத்தையும் மண்சரிவையும்தான் நினைப்பார்; இல்லாவிட்டால், நம் ஊர்த் தண்ணீரால் வந்ததோ, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் நோயோ என்று கேட்பார். அதோடு, மாக்குலா சிதைவு என்று தாய்நோய்க்கே சிதைவைக் கொடுத்துவிட்டோம். அதன் ஒரு நிலைக்கும் அதையே வைத்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது.

> திட்டுத் தேய்வு

திட்டு என்ற பாதியை மனதார ஏற்கிறேன். தனுஷ்கோடிப் பக்கம் மணல்திட்டு, கொள்ளிடத்தில் முதலைமேடு திட்டு என்று நிலத்துக்கும் அந்தச் சொல் இருக்கிறது. தோலில் திட்டுத் திட்டாக என்று உடம்புக்கும் இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் உள்ள படம் முழுவதும் மூன்றெழுத்தில் வந்துவிடுகிறது. ஏசுவதும் திட்டுதானே என்று ஒருவர் தயங்கியிருந்தார். வெள்ளைத் திட்டு என்றால் யாரும் ஏச்சு என்று எடுத்துக்கொள்வதில்லை.

தேய்வுதான் எனக்கு இடிக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்று கேட்டுக் கேட்டு, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் என்பது எல்லார் மனத்திலும் பதிந்துகிடக்கிறது. கண்ணுக்கும் தேய்வு என்றால், படித்தால் இன்னும் தேயும் என்று செய்தித்தாளை எடுத்து வைத்துவிடுவார்கள். படிப்பதால் இந்த நோய் கூடுவதே இல்லை.

நலிவு மென்மையான சொல். ஆனால் நலிந்தது தேறும் என்ற நம்பிக்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே போனவை தேறாத செல்கள். அரிப்பு படத்துக்கு மிக நெருக்கம்; கடல் அரிப்பைப் போல விளிம்பிலிருந்து தின்றுகொண்டே போகிற நோய்தான் இது. என்ன செய்வது, கண் அரிப்பு என்றால் தமிழில் வேறு பொருள்.

> அப்படியானால் திட்டழிவு?

இதை நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். திட்டு அழிதல் என்றும் பிரிக்கலாம் என்பதுதான் சிக்கல். "ஊசி போட்டால் திட்டழிவு ஏற்படுமா?" என்று ஒருவர் ஆசையாகக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அதனால் திருப்பிப் போடுகிறேன்: அழிதிட்டு. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. அழிந்த திட்டு, அழிகின்ற திட்டு, அழியும் திட்டு என மூன்று காலமும் அதில் அடங்கும். வல்லினமும் மிகாது.

மூன்று காலம் என்பதை இலக்கண அழகுக்காகச் சொல்லவில்லை. தன்னொளிர்வுப் படம் என்று ஒரு பரிசோதனை உண்டு. நீல ஒளியைப் பாய்ச்சினால் நிறமிப் படலத்தில் தேங்கியிருக்கும் லிப்போஃபுசின் தானே ஒளிரும். செத்த இடத்தில் ஒளிர ஒன்றுமில்லை, மைக்கறுப்பாகத் தெரியும். பலருக்கு அந்தக் கறுப்பைச் சுற்றி வழக்கத்தைவிட வெளிச்சமான ஒரு வளையம் இருக்கும். அங்குள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, திணறிக்கொண்டு. அடுத்து அழிய வாய்ப்புள்ள இடம் அது. அதற்கு வெளியே இயல்பான சாம்பல் நிறம். ஒரே படத்தில் மூன்று காலமும் தெரிகிறது. ஊசி எதைக் காப்பாற்றப் பார்க்கிறது, எதைக் காப்பாற்ற முடியாது என்பதையும் அதை வைத்தே நோயாளிக்குச் சொல்லிவிடலாம்.

மருத்துவர்களும் பழைய ஆங்கிலப் பெயரோடு நின்றுவிடவில்லை. 2018இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி படத்தை வைத்து, குறைந்தது 250 மைக்ரான் அகலம் முதலான அளவுகோல்களோடு, நிறமிப் படலமும் வெளி விழித்திரையும் முழுமையாக நலிந்த நிலை என்ற பொருளில் ஒரு நீளமான பெயரைப் பரிந்துரைத்தது. அதையும் தமிழாக்க வேண்டும். தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அடுத்து, சொல் கிளைக்குமா என்று பார்த்தேன். அழிதிட்டு படர்கிறது. அழிதிட்டுகள் கூடி ஒன்றாகின்றன. வளர்ச்சி வீதத்துக்குப் படர்வேகம். அப்புறம், பார்வைக்கூர்மை மிகுந்த நட்ட நடுப் புள்ளியைத் திட்டு தொட்டுவிட்டதா என்பது மிக முக்கியம். "நடு தொட்ட அழிதிட்டு", "நடு தொடாத அழிதிட்டு" என்று எழுதினால் விளக்கம்கூட வேண்டியதில்லை. திட்டு பலருக்கும் நடுவைச் சுற்றித்தான் முதலில் வளர்கிறது. அவர்கள் பார்வை சோதிக்கும் சுவர் அட்டையில் சிறிய எழுத்தைக்கூட ஒவ்வொன்றாகப் படித்துவிடுவார்கள். புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு நீளமான சொல் வந்தால் மட்டும், மிஞ்சிய நடுவில் ஓரிரண்டு எழுத்துதான் தெரியும், மீதி திட்டுக்குள் விழுந்துவிடும். "கண் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தவித்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு பெயர்களும் தாளில் தெளிவாக இருந்தால் வீட்டாருக்கே அவர் பாடு புரியும்.

பிரைமா என்கிற கண் சில்லைப் பற்றி இந்தக் குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, அதில் 378 படப்புள்ளிகள். அழிதிட்டு இருக்கும் இடத்தில் விழித்திரைக்கு அடியில் பொருத்துகிறார்கள். மூக்குக்கண்ணாடியில் உள்ள கேமரா எடுக்கும் படம் அகச்சிவப்பு ஒளியாகச் சில்லில் விழ, அது மின்தூண்டலாக மாறி, பிழைத்திருக்கும் உள்ளடுக்கு நரம்பு செல்களுக்குப் போகிறது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 38 பேருக்குப் பொருத்திய ஆய்வின் முடிவு 2025 அக்டோபரில் வெளியானது. ஓராண்டு கழித்துச் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேர் அட்டையில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பார்வைதான், பழகவும் மாதக்கணக்காகும். இருந்தாலும், நடுப்பார்வை போனவர்கள் மறுபடி எழுத்தைப் படித்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தமிழில் எழுதும்போது "அழிதிட்டுக்கு அடியில் வைக்கும் சில்லு" என்று தொடங்கினால் போதும், கேட்பவருக்கு இடம் பிடிபட்டுவிடும்.

ஒரு தடை எனக்கும் தெரிகிறது. அழிவு என்ற வேர் முதியவரை அச்சுறுத்தும் என்பார்கள். இந்த நோயில் பக்கப்பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். முழு இருட்டு வருவதில்லை. திட்டு என்ற சொல்லே இழப்பை ஓர் எல்லைக்குள் வைத்துவிடுகிறது. ஆகவே தாளில் சொல்லுக்கு அடுத்த வரியாக இப்படி எழுத நினைக்கிறேன்: "அழிதிட்டு நடுப்பார்வையைக் கெடுக்கும், சுற்றியுள்ள பார்வை பெரும்பாலும் இருக்கும், நடமாட முடியும்."

மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். கண் மருத்துவர்கள் இருவர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். "நடு தொடாத" என்பதை நோயாளியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ட்ரூசனுக்கு "அடிப்படிவு" என்று வந்ததையும் இத்தோடு முடித்துவிடலாமா, இல்லை ட்ரூசனாகவே விடலாமா?

அன்புடன்.