சிங்கப்பூரிலிருந்து வந்த நன்கொடை: எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாத அறக்கட்டளை என்ன செய்வது?

ஊர்ப்பள்ளி:
வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் முன்னாள் மாணவர்கள் நடத்தும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. 12ஏபி (அறக்கட்டளைக்கு வருமான வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள் இருக்கு, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010) பதிவு இல்லை. வகுப்பறை கட்ட 2025 மார்ச்சில் சிங்கப்பூரில் இருக்கும் மூவர் பணம் போட்டார்கள்.

முதலாமவர் அங்கே பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பாளர்), 60,000 என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் சம்பாதித்ததை ரூபாயில் வைக்கும் கணக்கு). இரண்டாமவர் ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர், 2,00,000 சென்னையில் உள்ள என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (இந்தியாவில் வரும் வருமானத்துக்கான கணக்கு) நெஃப்ட். மூன்றாமவரிடம் இந்திய பாஸ்போர்ட்தான், ஆனால் 80,000-ஐ நண்பர்களிடம் வசூலித்துத் தன் பெயரில் அனுப்பினார். எல்லாம் ரூபாயில்தான் வந்தது. ரசீது கொடுத்து, 10பிடி-யும் (நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறைக்குத் தரும் படிவம்) தாக்கல் செய்தாச்சு. இப்போது ஆடிட்டர் மூவரின் பாஸ்போர்ட் நகலும் கேட்கிறார். என்ன சிக்கல்?

வரவுசெலவு:
ஆடிட்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். எந்த நாட்டிலிருந்து, எந்த நாணயத்தில் பணம் வந்தது என்பதில்லை இங்கே விஷயம். கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான்.

60,000 பிரச்சினை இல்லை. பி.ஆர். என்பது குடியிருப்பு உரிமை மட்டும், அவர் இன்னும் இந்தியக் குடிமகன். சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக வந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலும், "இது என் சொந்தப் பணம்" என்று கையெழுத்திட்ட கடிதமும் கோப்பில் இருக்கட்டும்.

2,00,000 வெளிநாட்டு நன்கொடையேதான். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வேறு நாட்டுக் குடிமகன். சென்னை வங்கி, ரூபாய், என்.ஆர்.ஓ. எதுவும் இங்கே கைகொடுக்காது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் பிரிவு 11 இடம் தரவில்லை.

80,000-க்கு, தந்தவர்கள் பட்டியலை வாங்குங்கள். அது அனுப்பியவரின் சேமிப்பு இல்லை என்பதால் அவர் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டினால் போதாது. ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுத்தில் வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் தந்த பங்கையும், யார் தந்தது என்று தெரியவராத பங்கையும் 2,00,000 போலவே நடத்துங்கள்.

முதல் வேலை, இந்த 2,00,000, 80,000 இரண்டிலும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சிமென்ட்டுக்கு முன்பணமும் வேண்டாம்.

கம்பிவேலி:
இவ்வளவு பயமுறுத்தணுமா? ஓ.சி.ஐ.காரர் செயலாளருக்கு அத்தை மகனாக இருந்தால் செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் போடச் சொல்லுங்க. உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் வரை தெரிவிக்கவே வேண்டாம். இல்லைன்னா எஃப்.சி.ஆர்.ஏ. உள்ள வேறொரு டிரஸ்ட்டில் போட்டு உங்களுக்கு மாற்றிக்கலாம்.

வரவுசெலவு:
கம்பிவேலி சார், இரண்டும் ஆபத்து. உறவினருக்கான விலக்கு தனிமனிதர் தனக்காகப் பெறும் பணத்துக்கு. "உறவினர்" யார் என்று கம்பெனிச் சட்டம் தரும் பட்டியலில் அத்தை மகன் இல்லை. நிஜ அண்ணனே அனுப்பினாலும், அறக்கட்டளைக்கென்று வாங்கிய பணத்தைச் சொந்தக் கணக்கில் நுழைத்தால் அது சட்டத்தைச் சுற்றிப் போவதாகத்தான் பார்க்கப்படும்.

இரண்டாவது யோசனை 2020 செப்டம்பருக்கு முன்பு ஓடிய வழி. அப்போது பதிவுள்ள அமைப்பு இன்னொரு பதிவுள்ள அமைப்புக்கு மாற்றலாம். திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 7-இன்படி யாருக்குமே மாற்ற முடியாது. பதிவுள்ள அமைப்பு தன் நோக்கத்துக்குள் வந்தால் அந்த வகுப்பறையைத் தானே கட்டிக் கொடுக்கலாம். பில், ஒப்பந்தம் எல்லாம் அதன் பெயரில் இருக்கணும். பணமாகக் கைமாறக்கூடாது. பழைய கையேடுகளை வைத்து வேலை செய்பவர்கள் இன்னும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஊர்ப்பள்ளி:
சரிங்க சார். பணத்தைத் திருப்பினால் விஷயம் முடிந்துவிடுமா? ரசீது, 10பிடி என்னாவது?

தணிக்கைமேசை:
முழுக்க முடியாது. வாங்கியது வாங்கியதுதான். ஆனால் செலவழிக்காமல் உடனே திருப்பியது உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, காரணத்தை எழுதி, பணம் வந்த அதே கணக்குக்கு அனுப்புங்கள். வேறு கணக்கோ ரொக்கமோ கூடாது. பிரிவு 41-இன் கீழ் உள்துறை அமைச்சகத்திடம் அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு விண்ணப்பிப்பதா என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

திருப்பும் பணத்துக்குக் கொடுத்த ரசீதுகளை ரத்து செய்து, அசல் பிரதியைத் திரும்ப வாங்குங்கள். 10பிடி-யைத் திருத்திய படிவமாக மறுபடி தாக்கல் செய்து, புதிய 10பிஇ (நன்கொடைச் சான்றிதழ்) எடுங்கள். ஆண்டுத் தணிக்கையில் பலர் கவனிக்காத இன்னொன்று: வருமானம் 5 கோடிக்குள் என்றால் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாக 10பிபி படிவம் போதும். ஆனால் அந்த ஆண்டில் வெளிநாட்டு நன்கொடை வந்திருந்தால் 10பி படிவம்தான். பணத்தைத் திருப்பியிருந்தாலும் 2024-25-க்கு 10பி போடுவதே பாதுகாப்பு என்பேன். படிவத்தை மாற்றிப் போட்டால் வரிவிலக்குக்கே கேள்வி வரும்.

இனிமேல் வாங்க வேண்டுமென்றால், மூன்றாண்டு பழமையும் கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் செலவும் இருந்தால்தான் எஃப்சி-3ஏ படிவத்தில் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு. அது இல்லாத அமைப்பு, குறிப்பிட்ட நன்கொடையாளர் குறிப்பிட்ட பணிக்குத் தரும் குறிப்பிட்ட தொகைக்கு எஃப்சி-3பி படிவத்தில் முன் அனுமதி கேட்கலாம். எதுவானாலும் பணம் முதலில் இறங்க வேண்டியது எஸ்.பி.ஐ. புதுடில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்; உள்ளூர் எஸ்.பி.ஐ. கிளை வழியாகவே அதைத் திறக்கலாம்.

நன்கொடைப் படிவத்தில் "குடியுரிமை" என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பிய பிறகே கணக்கு எண்ணைக் கொடுங்கள். க்யூ.ஆர். கோடை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.