அப்பாவின் தர்ப்பணத்துக்குக் கூடப் போகலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவன். வரும் ஆடி அமாவாசைக்கு அண்ணன் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார். "நீ எள்ளும் தண்ணியும் விட வேண்டாம்பா, கூட வந்து நில்லு" என்கிறார் அம்மா. அவருக்கு மூட்டுவலி வேறு; காவிரிப் படித்துறையில் கைபிடித்து இறக்க ஆள் வேண்டும்.

சபையில் சிலர் போகவே கூடாது என்கிறார்கள். எனக்கோ பைபிளில் 2 இராஜாக்கள் 5-ல் வரும் சீரியப் படைத்தலைவர் நாகமான்தான் நினைவுக்கு வருகிறார். கர்த்தரை நம்பிய பிறகும், ராஜா தன் கையில் சாய்ந்துகொள்ளும்போது அந்நாட்டுத் தெய்வமான ரிம்மோன் கோயிலில் தானும் குனிய வேண்டியிருக்கும் என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் முன்கூட்டியே சொன்னவர். எலிசா திட்டவில்லை, சமாதானத்தோடு போகச் சொன்னார். அது எனக்கும் பொருந்துமா, இல்லை என் வசதிக்கு இழுத்துக்கொள்கிறேனா?

இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? அப்புறம், படையல் சாப்பாட்டை அம்மா மனம் நோகாமல் எப்படித் தவிர்த்தீர்கள்?