பாம்பன் தூக்குப்பாலப் படத்தில் 7/25 எதற்கு?

மண்டபத்துக்காரன்:
பழைய பாம்பன் தூக்குப்பாலத்தை லினோ என்கிற மிருதுவான தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று வாங்கினேன். கீழே பென்சிலில் 7/25. அப்பா ரயில்வேயில் இருந்தவர். லீவரைத் தள்ளிப் பாலம் திறக்கும் ஆட்களின் முதுகைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை. அந்த எண் எதற்கு? உப்புக்காற்றில் தாங்குமா?

கடல்காகம்:
மொத்தம் 25 பிரதி, உங்களுடையது 7ஆவது அண்ணே. முதல் எண்தான் உசத்தி என்பதெல்லாம் சும்மா.

கீழக்கரை வாசகி:
கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. இடையில் அமிலமில்லாத அட்டை வையுங்கள். என் படம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துப் போனது. கடல் பார்த்த சுவர் வேண்டவே வேண்டாம்.

மண்டபத்துக்காரன்:
சரி அக்கா, அப்பா கட்டிலுக்கு எதிர்ச்சுவர். மூலையில் பாலம் திறந்த ஆண்டு 1914 என்று இருப்பதை அவர் சரிபார்த்தாயிற்று.